குழாயில் தேங்கிய தண்ணீர்

மூக்கில் தண்ணீர் ஏறிக் குருமூர்த்தி துள்ளி எழுந்தார். மணி காலை பதினொன்று. பீங்கான் கம்பெனியில் இரவெல்லாம் சூளை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். தூக்கத்தில் மூச்சு அடைப்பதால் டாக்டர் எழுதிக் கொடுத்த சிபாப் மெஷின் முகத்தில் மாட்டியிருந்தது. காற்றை ஈரப்படுத்த அதில் ஊற்றிவைக்கும் தண்ணீர், குழாய்க்குள் சின்ன வாய்க்காலாக ஓடியது.

“சூடு பண்ற குழாய்னு சொல்லித்தானே குடுத்தான்? இதுல எப்படித் தண்ணி?”

“கம்பெனிக்கு ஃபோன் போடுங்க” என்றாள் மனைவி செல்வநாயகி.

“என் பேரைச் சொல்லியா? எங்க வம்சத்துல எவன் மூஞ்சில தும்பிக்கை மாட்டிக்கிட்டுத் தூங்குனான்? பொண்ணுக்கு வரன் பாக்குற நேரம். வெளிய தெரிஞ்சா என்னாகும்?”

“நான் பேசுறேம்பா. ஊரு, பேரு எதுவும் சொல்லமாட்டேன்” என்று மகள் ஜெயஸ்ரீ மாடிக்குப் போனாள். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கினாள். “ரூம்பு ரொம்பக் குளிருதாம். ஏசிய இருபத்தாறுல வெக்கணுமாம்.”

வைத்தார். மறுநாள் தண்ணீரோடு வியர்வையும் சேர்ந்துகொண்டது.

அடுத்த ஃபோன் ஒரு மணி நேரம் நடந்தது. “மெஷினு கட்டிலைவிடத் தாழ்வா இருக்கணுமாம்.”

தரையில் வைத்தார். தூக்கக் கலக்கத்தில் இறங்கியவர் கால் பட்டு மெஷின் கவிழ்ந்தது. வீட்டு வேலை செய்யும் விருத்தாம்பாள் அறையைத் துடைத்தாள்.

மூன்றாவது ஃபோன். “குழாய்க்கு உறை போடணுமாம்.”

“உறையா? சூளைக்காரன் எனக்கேவா?” கம்பெனியில் சூளைக்குச் சுற்றும் வெள்ளைக் கம்பளியில் ஒரு துண்டு கொண்டுவந்தார். “ஆயிரத்து இருநூறு டிகிரி தாங்கும்டீ!”

அது தாங்கியது. அவர் தோல்தான் தாங்கவில்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டே வேலைக்குப் போனார்.

“என்னங்கண்ணே, வூட்ல மூட்டைப்பூச்சியா?” என்றான் கூட வேலை பார்க்கும் சாமிக்கண்ணு.

மூட்டைப்பூச்சி! அவர் வம்சத்தில்!

ஞாயிற்றுக்கிழமை மெஷின் கம்பெனியிலிருந்து, ஜெயஸ்ரீக்கு ஃபோனில் யோசனை சொன்ன அன்புச்செல்வன் நேரில் வந்தான். குருமூர்த்தி போட்ட நிபந்தனைப்படி, பின்வாசல் வழியாக. மெஷினில் ஒரு பட்டனை நாலைந்து தடவை அமுக்கினான்.

“ஈர அளவு உச்சத்துல இருக்குதுங்க. அப்படி இருந்தா குழாய் எவ்வளவு சூடானாலும் தண்ணி தேங்கத்தான் செய்யும். கொறச்சிட்டேன். படுத்துப் பாருங்க.”

ஒரு மணி நேரம் ஒரு சொட்டு விழாமல் தூங்கி எழுந்த குருமூர்த்திக்குக் கண் கலங்கியது.

“இந்த மெஷினப் பத்தி யார்கிட்டயாவது சொன்னீங்களா, தம்பி?”

“எங்கம்மாகிட்டகூடச் சொல்லலைங்க.”

“எந்த ஊரு?”

“மங்களூருங்க, திட்டக்குடி பக்கம்.”

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“இன்னும் இல்லைங்க.”

குருமூர்த்தி மனைவியைச் சமையலறைக்கு அழைத்தார். “எவனோ ஒரு மாப்பிள்ளைகிட்ட இதை ஆயுசுக்கும் மறைச்சுக்கிட்டுக் கெடக்குறதுக்கு, எல்லாம் தெரிஞ்ச இவனையே பேசி முடிச்சா என்ன? ரகசியம் குடும்பத்துக்குள்ளயே நின்னுடும்.”

ஜெயஸ்ரீயைக் கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “உங்க இஷ்டம்பா” என்றாள்.

“பாத்தியா? இதாண்டீ நம்ம வளர்ப்பு!” குருமூர்த்தி மீசையைத் தடவினார்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த விருத்தாம்பாள் நிமிர்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

“அப்பாடா! ஏம் பாப்பா, தெனமும் ஐயா தூங்குனப்புறம் உள்ள போயி அந்த ஈரப் பட்டனை ஏத்தி வெக்கச் சொன்னியே, இனிமே அது வேணாமில்ல?”