முக்கோணம் சார் மறந்த முக்கோணம்

தொண்ணூறுகளில் கோயம்புத்தூர் ஜில்லாவில் ஓடிய வண்டிகளிலேயே, அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஜெர்மனி ரோட்டில் விட்டாலும் அந்த ஊர் போலீஸ் சல்யூட் அடித்து அனுப்பக்கூடிய வண்டி ஒன்றே ஒன்றுதான். அது துடியலூரில் நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியின் வேன். கிளம்ப நாலு பேர் தள்ள வேண்டும். வைப்பர் ஒரு பக்கம்தான் ஆடும். ஆனால் ஐரோப்பாவில் சட்டப்படி வண்டியில் என்னென்ன இருக்க வேண்டுமோ அத்தனையும் அதில் இருந்தது. காரணம், முக்கோணம் சார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கேட்டால் எங்கள் வாட்ச்மேனே "அப்படி ஆரும் இல்லீங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கம்பெனியின் சர்வீஸ் மேனேஜர். மூன்று மாதப் பயிற்சிக்கு ஜெர்மனி போய் வந்தவர். மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவந்த காலத்தில், இவர் கொண்டுவந்தது மடக்கி விரிக்கிற சிவப்பு முக்கோணம் ஒன்று, முதலுதவிப் பெட்டி ஒன்று. சூட்கேஸைத் திறந்து பார்த்த அவர் மனைவி ஒரு வாரம் வெறும் ரசம்தான் வைத்தார் என்று கேள்வி.

ஜெர்மனியில் யாரோ ஓட்டக் கொடுத்த காரைப் போலீஸ் நிறுத்தி, லைசென்ஸைப் பார்த்த கையோடு முக்கோணம் எங்கே, பெட்டி எங்கே என்று கேட்டிருக்கிறது. வண்டி வழியில் நின்றுபோனால் பின்னால் வருகிறவனுக்குத் தெரிகிற மாதிரி நூறு தப்படி தள்ளி அந்த முக்கோணத்தை வைக்க வேண்டுமாம். அது இல்லாமல் ரோட்டுக்கு வருவதே குற்றமாம். இவரிடம் இரண்டுமே இல்லை.

"ஒரு மணி நேரம் ரோட்டோரமா நிக்க வெச்சுப் புத்தி சொன்னானுங்க. ஒரு வார்த்தை எனக்குப் புரியலீங்க. ஆனா அத்தனையும் நியாயமுங்க" என்பார்.

அதோடு விட்டாரா? எந்த நாட்டில் என்ன சாமான் கட்டாயம் என்று ஒரு கையேட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு நாட்டில் உபரி பல்பு கேட்பார்களாம், இன்னொரு நாட்டில் தீயணைப்பான் கேட்பார்களாம். எல்லாம் வேனில் ஏறின. பாலக்காடு போகக்கூடப் பர்மிட் இல்லாத வண்டி அது. டிரைவர் மணியோ பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டி, டேஷ்போர்டில் மாரியம்மன் படம் வைத்துத் தன் கடமையை முடித்திருந்தார்.

"ஆத்தா பாத்துக்குவாளுங்க சார்."

"ஆத்தா முன்னாடி பாத்துக்குவாளுங்க மணி. பின்னாடி வர்ற லாரிய ஆரு பாக்கறது?"

ஒரு நாள் லேத்தில் வேலை செய்தவருக்கு விரலில் வெட்டு. பெட்டியிலிருந்து பிளாஸ்திரி கேட்டு ஓடினோம். "அது வண்டியில அடிபட்டவங்களுக்குங்க" என்றார். அதற்காக இரக்கமில்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். ரத்தம் சொட்டச் சொட்ட அந்த ஆளை வேனுக்குள் ஏற்றி உட்கார வைத்து, கதவைச் சாத்தி, பிறகு தன் கையாலேயே பிளாஸ்திரி ஒட்டினார்.

இன்னொரு நாள் கிணத்துக்கடவு பக்கம் டயர் பஞ்சர். நூறு தப்படி எண்ணிக்கொண்டே நடந்து முக்கோணத்தை விரித்து வைத்தார். தோட்டத்திலிருந்து ஓர் அம்மா சிவப்பு முக்கோணத்தைப் பார்த்து ஓடி வந்து, குடும்பக் கட்டுப்பாடு கேம்ப் இங்கேதானா என்று விசாரித்தார். சார் சிரிக்கவில்லை. "அந்த முக்கோணம் தலைகீழா இருக்குமுங்க அம்மணி. இது நேரா இருக்குது பாருங்க" என்று பொறுமையாக விளக்கினார். அந்த அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று மருமகளையும் கூட்டி வந்து காட்டிவிட்டுப் போனார்.

நம் ஊர் வழக்கம் தெரியும்தானே. லாரி நின்றுபோனால் பின்னால் நாலு கல்லை வைத்து, வேலியில் ஒரு கிளையை ஒடித்துப் போடுவார்கள். லாரி கிளம்பிப் போய்விடும், கல் அங்கேயே கிடக்கும். முக்கோணம் சாருக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். போகிற வழியில் வேனை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு கல்லாக ஓரத்தில் எடுத்துப் போடுவார். நாங்கள் வாட்சைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்போம்.

இப்போது தாராபுரத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட்டின் கல்யாண வரவேற்பு அங்கே. எல்லோரும் சேர்ந்து ஒரு வெட் கிரைண்டர் பரிசளிப்பதாக முடிவு. அதை வாங்கி, பளபளக்கிற வெள்ளி நிறக் காகிதம் சுற்றி, வேனில் ஏற்றுகிற பொறுப்பு ஸ்டோர்ஸ் பையனான என் தலையில் விழுந்தது. பின்கதவைத் திறந்தால் இடமே இல்லை. முக்கோணம், பெட்டி, தீயணைப்பான், பல்பு டப்பா. ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று அத்தனையையும் எடுத்து என் மேசைக்கு அடியில் தள்ளினேன். தினமும் சோதனை போட்டுவிட்டுத்தான் வண்டியை விடுகிறவர் அன்றைக்கென்று பம்ப் வாங்கிய ஒரு பார்ட்டி வீட்டுக்குப் போய்விட்டு நேராகப் பல்லடத்தில் வந்து ஏறிக்கொண்டார். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

வருடத்துக்கு இரண்டு மழை பெய்கிற சீமை அது. அன்று சாயங்காலம் இரண்டும் சேர்ந்து பெய்தது. ஒரு வளைவைத் தாண்டியதும் டமார் என்று ஒரு சத்தம். ஆக்சில் போய்விட்டது. நடுரோட்டில் வேன். பின்சக்கரம் இறுகிவிட்டதால் தள்ளவும் முடியாது. இரண்டு பக்கமும் பள்ளம், பள்ளம் நிறையத் தண்ணீர், அதற்கப்பால் முள்வேலி. சாரையும் மணியையும் என்னையும் விட்டால் உள்ளே ஒன்பது பேர். கடைசி சீட்டில் என் மனைவி, அவள் மடியில் ஒரு வயதுகூட நிரம்பாத என் மகள். அவர்களுக்குப் பின்னால் கிரைண்டர். அதற்குப் பின்னால் வளைவு.

"எல்லாரும் எறங்கிருங்க. வண்டிக்குள்ள இருக்கக் கூடாதுங்க" என்றார் சார்.

"பட்டுச்சீலை நனைஞ்சு போயிருமுங்க" என்றது ஒரு குரல். "கொழந்தைய இந்த மழையில எங்கீங்க நிறுத்தறது?" என்றாள் என் மனைவி. ஒருவரும் அசையவில்லை.

"செரி. நீங்க இருங்க. நான் போறேன்."

அவர் பின்பக்கம் போனார். நானும் குதித்து ஓடினேன். அவர் கதவைத் திறந்தார். கிரைண்டரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எம் மேசைக்கு அடியில இருக்குதுங்க சார்" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவரோ, நான் அரை நாள் உட்கார்ந்து ஒட்டிய வெள்ளிக் காகிதத்தைச் சர்ரென்று உரித்தார். "தப்படிய எண்ணுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மழையில் நான் எண்ணிக்கொண்டே பின்னால் ஓடினேன். நாற்பது. ஐம்பது. மணி இடையில் கல் தேடி வந்தார். "கல்லு மின்னாதுங்க மணி" என்று நடையை நிறுத்தாமலே சொன்னார் சார். எழுபதில் வளைவுக்கு அந்தப் பக்கம் லாரிச் சத்தம் கேட்டது. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. ஓடிக்கொண்டே எண்ணினார். வளைவைத் தாண்டி, என்னைப் பள்ளத்தோரம் தள்ளிவிட்டு, காகிதத்தை முக்கோணமாக மடித்துத் தலைக்கு மேல் பிடித்து ரோட்டில் நின்றார். வேட்டி சட்டை உடம்போடு ஒட்டி, வழுக்கைத் தலையில் மழை தெறிக்க, கொஞ்சம் கோணலான ஒரு முக்கோணம்.

ஹெட்லைட் வந்தது. காகிதம் பளீரென்றது. பிரேக் கிறீச்சிட்டது. லாரி வழுக்கிக்கொண்டே வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு என் மகள் பெயரைச் சொன்னேன்.

திறந்தபோது லாரியின் பம்பர் அவரிடமிருந்து ஓர் ஆள் நீளத்தில் நின்றிருந்தது. முழுக்க சிமென்ட் மூட்டை. டிரைவர் குதித்து இறங்கினார்.

"ஏனுங்க, சாகறதுக்கு வேற எடம் கெடைக்கலீங்களா?"

"வளைவுக்கு அந்தாண்ட ஒம்பது பேரு இருக்கறாங்க. ஒண்ணு கைக்கொழந்தைங்க" என்றார் சார். கை இன்னும் தலைக்கு மேலேதான் இருந்தது. நானும் அந்த டிரைவரும் சேர்ந்துதான் கீழே இறக்கினோம்.

காகிதம் இல்லாத கிரைண்டர் அந்த லாரியிலேயே மண்டபம் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். முக்கோணம் ஏன் வண்டியில் இல்லை என்பதுதான் கேள்வி. நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் சார் சொல்லிவிட்டார்:

"நான்தானுங்க எடுத்து வெக்க மறந்துபோட்டேன்."

ஆபீஸே சிரித்தது. அவர் ரிட்டயர் ஆகிற வரைக்கும் சிரித்தது. முக்கோணமே முக்கோணத்தை மறந்த கதையைப் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் சொன்னார்கள். பிரிவுபசார விழா மேடையிலும் சொன்னார்கள். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு கூடவே சிரித்தார். கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

என் மகளுக்குப் போன மாதம் கல்யாணம் நடந்தது. பத்திரிகை கொடுக்கப் போனபோது சார் இல்லை, மாலை போட்ட படம்தான் இருந்தது. அதன் முன்னால் நின்று சொல்லத் தைரியம் வராததை இங்கே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். நீங்க ஒண்ணையும் மறக்கலீங்க சார். அதை வெளிய எடுத்து வெச்சது நான்தானுங்க.