ராசி மூட்டைகளைக் கிளப்பிய காலி பாய்

கடலூர் துறைமுகக் கிடங்குகளில் சரக்கைக் காவல் காத்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். சரக்கு இல்லாத இடத்தைக் காவல் காத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் காலி பாய்.

லால்பேட்டைக்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், ஓ.டி. என்று நாங்கள் சொல்லும் பழைய டவுனில், மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை அடுக்கும் ஒரு கிடங்கில் அவருக்கு வேலை. வாசலில் உட்கார்ந்து வண்டிகளுக்குச் சீட்டுக் கிழிப்பவன் நான். உள்ளே இடம் பார்த்துக் கொடுப்பவர் அவர். "உள்ள எத்தன மூட்ட கெடக்குது?" என்று கேட்டால் முழிப்பார். "எவ்ளோ காலி?" என்றால் முகம் மலர்ந்துவிடும். அதனாலேயே காலி பாய் என்று பேர் ஆகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

இந்தப் புத்தி கிடங்கோடு நிற்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகச் சிதம்பரம் பஸ் ஏறினார். நானும் கூட இருந்தேன். பிள்ளைகுட்டிகளோடு ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. உட்கார இடம் இல்லாமல் இல்லை, இங்கொன்று, அங்கொன்று. பாய்க்குப் பொறுக்கவில்லை.

"மாமா, நீங்க முன்னால போங்க. மச்சான், நீ ஜன்னலாண்ட நவுரு. அண்ணே, அந்தக் கோழிக்கூடைக்கு எதுக்குத் தனி சீட்டு? கோழி டிக்கட் எடுத்துச்சா?"

புதுச்சத்திரம் வருவதற்குள் அந்தக் குடும்பம் ஒரே வரிசையில் உட்கார்ந்துவிட்டது. கோழி, கூடைக்காரர் மடியில்.

"நீ கண்டக்டரா, நான் கண்டக்டரா?" என்று கத்தினார் கண்டக்டர்.

"டிக்கட்ட நீ கிழி. எடத்த நான் பாத்துக்கிறேன்."

அப்பேர்ப்பட்டவர் இருந்த எங்கள் கிடங்குக்கே ஒரு நோய் வந்தது. காலையில் வந்த வண்டியில் மூட்டை இறக்கப் பொழுது சாய்ந்தது. முதலாளி மேஸ்திரியைத் திட்டுவார். மேஸ்திரி, சுமை தூக்குகிறவர்களைத் திட்டுவார். அவர்கள் வண்டி மாட்டைத் திட்டுவார்கள். எங்களிடம் சரக்குப் போடுகிறவர்களிலேயே பெரிய வியாபாரி ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

"என் சரக்க பத்து எடத்துல பிரிச்சுப் போடுறீங்க. திருப்பி எடுக்கிறதுக்குள்ள மூச்சு போவுது. வானம் வேற கறுக்குது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள என் மூட்ட அத்தனையும் ஒரே அடுக்கா உள்ள போவணும். இல்லன்னா எதிர்க் கிடங்குக்குப் போறேன்."

அவர் போனதும் முதலாளி சொன்னார்: "அவரு போனா கதவ மூட வேண்டியதுதான். எல்லாரும் வேற வேல பாத்துக்கங்க." வேறு இடத்தில் போய் வேலை கேட்க எனக்கு வாய் வராது.

பாய் மட்டும் ஒரு வெற்றுக் கோணியை உருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, சுமை தூக்குகிறவர்களின் பின்னாலேயே உள்ளே போனார், வந்தார், போனார்.

"என்னா பாய், காத்து மூட்டயா? கனமா இருக்குதா?"

"உன் தலயில இருக்கிறத விட ஜாஸ்திதான். நீ நட."

வெகுநேரம் கழித்து, வியர்வையில் குளித்து, பல்லெல்லாம் தெரிய வெளியே வந்தார். "நோவு புடிபட்டுச்சு முதலாளி! தூக்குறதுல ஒரு கொறையும் இல்ல. தலயில மூட்டயோட எடம் தேடி அலையுறாங்க பாருங்க, அதுலதான் பொழுது போவுது."

"எடம் பத்தலியா?"

"பாதிக் கிடங்கு காலி. ஆனா ஒரு எடத்துலயும் ஒரு ஆளு கால நீட்டிப் படுக்க முடியாது. எல்லாம் இந்த ராசி மூட்ட செய்யிற வேல!"

எங்கள் வியாபாரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சரக்கை எடுத்துப் போகும்போது இடத்தைத் துடைத்தாற்போல் விட்டுப் போக மாட்டார்கள். ராசிக்கு என்று ஒரு மூட்டையை அங்கேயே நிறுத்திவிட்டுப் போவார்கள். குங்குமம் வைத்த மூட்டை, பச்சைத் துணி கட்டிய மூட்டை, எலுமிச்சம்பழம் தொங்கும் மூட்டை என்று, கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிட்ட விருந்தாளிகள் போலக் கிடங்கு முழுக்க ஒவ்வொன்றும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தன. தினமும் பார்த்துப் பழகியதால் அவை எங்கள் கண்ணில் படுவதே இல்லை.

"அதத் தொட்டா வியாபாரிங்க நம்மள சும்மா விடுவாங்களா?" என்று நடுங்கினார் மேஸ்திரி.

"நாம ஏன் தொடணும்? அவுங்களே தூக்குவாங்க."

மறுநாள் விடிந்ததும் பாய் கடைத்தெருவுக்குப் போனார். ஒவ்வொரு கடையிலும் குரலைத் தாழ்த்தி ஒரே சேதி: "கிழக்குச் சுவரோரம் ராசி மூட்டைக்குன்னே தனி மேடை போட்டாச்சு. எதிர்க்கடைக்காரரு மொத எடம் கேக்குறாரு. நான் இன்னும் தரல."

அவ்வளவுதான். வெயில் ஏறுவதற்குள் வியாபாரிகள் ஓடி வந்தார்கள். ஆள் வைத்து அல்ல, தாங்களே மூட்டையைக் கட்டிப் பிடித்து இழுத்தார்கள். ஒருவர் வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் இழுத்தார்.

"யோவ் பாய், எம் மூட்டய கடைசில வக்கிறியா?"

"கோவப்படாதீங்க மாமா. அந்தக் கோடியிலேருந்து பாருங்க, நீங்கதான் மொதல்!"

மேஸ்திரி தேங்காய் உடைத்தார். பாய் ஃபாத்திஹா ஓதினார். சுவரோரம் ராசி மூட்டைகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையாக நின்றன. திரும்பிப் பார்த்தால், வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் வெறும் தரை! இவ்வளவு பெரிய கிடங்கிலா வேலை பார்த்தோம் என்று எங்களுக்கே ஆச்சரியம்.

பெரிய வியாபாரியின் வண்டிகள் வந்தன. "நேரா போ, போடு, வா!" என்று பாய் குரல் கொடுக்க, தலைச்சுமையோடு ஆட்கள் ஓடினார்கள். நான் சீட்டுக் கிழிக்கும் வேகத்தை அவர்கள் முந்திவிட்டார்கள். கடைசி மூட்டை படி ஏறியபோது முதல் தூறல் விழுந்தது.

சண்டைக்குத் தயாராகக் குடையோடு வந்தார் பெரிய வியாபாரி. "எம் மூட்டைங்க எங்க?"

"அதோ, ஒரே அடுக்கு. பிரிஞ்சு கெடக்கிற மூட்ட ஒன்னு காட்டுங்க, கோணியோட தின்னுடறேன்."

அவர் அடுக்கைச் சுற்றி வந்தார். மறுபடியும் சுற்றினார். பிறகு சுவரோரத்து வரிசையைப் பார்த்துக்கொண்டே, "என் ராசி மூட்டைக்கும் அங்க ஒரு எடம் போடு பாய்" என்றார்.

மேஸ்திரி விசிலடித்தார். முதலாளி, யார் என்று பார்க்காமல் கையில் கிடைத்தவரைக் கட்டிக்கொண்டார். கிடைத்தது நான். கூச்சத்தில் மரக்கட்டையாக நின்றேன்.

மழை பிடித்துக்கொண்டது. உள்ளே சரக்கு நிறைந்துவிட்டதால் நாங்கள் எல்லாரும் வெளியே, ஒரு முழ அகலக் கூரை விளிம்பின் கீழே நெருக்கியடித்து நின்றோம். ஓர் ஆளுக்கு இடம் போதவில்லை. பாய் என்னைத் தோளைப் பிடித்துச் சுவரோரம் தள்ளிவிட்டு, தான் மழையில் இறங்கி நின்றார்.

"நீ நில்லு மச்சான். எனக்கு இங்க எடம் நெறைய கெடக்குது."

அப்படி எனக்கென்று இடம் பார்த்துக் கொடுத்தவர் அதற்குப் பிறகு யாரும் இல்லை.