ஹார்ட் டிஸ்க் நிரம்பாத விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் என் ரத்த அழுத்தமும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். சௌக்கியமில்லாதது, கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களை ஏற்றி அனுப்பச் சொல்லி நீங்கள் அனுப்பிய ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான்.

நேற்று போனில், "விடுங்க மாமா, வேற புதுசு அனுப்பறேன். சொருகினா தானா முடிஞ்சிரும். இனிமே உங்களை தினமும் படுத்த மாட்டேன்" என்றீர்கள். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். போனில் சொன்னால் என்னைப் பேசவிட மாட்டீர்கள், ஆகவே எழுத்தில்.

நீங்கள் சொன்ன வைத்தியமெல்லாம் பார்த்தாகிவிட்டது. கேபிளை மாற்றினேன், அது ஷேவிங் மெஷினுடையது, அன்று முழுக்க டிஸ்க் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. கம்ப்யூட்டர் தூங்கக் கூடாது என்றீர்கள், மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்து நான்தான் தூங்கிப்போனேன். திரை முதலில் இரண்டு மணி நேரம் பாக்கி என்கிறது, பல் தேய்த்துவிட்டு வந்தால் மூன்று நாள், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால் பதினெட்டு நிமிடம். ரிப்பேர்க்காரர் வந்து, படங்கள் பொடிப்பொடியாக இருப்பதால் இழுக்கிறது என்றார். அதை என்னிடமா சொல்வது? முப்பது வருஷம் தபால் பிரித்தவன் நான், மூட்டையை இறக்குவது நிமிஷ வேலை, கார்டு கார்டாக அடுக்குவதுதான் இடுப்பை ஒடிக்கும். உங்கள் அத்தை எடுத்துவைத்துப் போனது பதினோராயிரம் படம், பாதியில் அவள் விரல்தான் தெரிகிறது, ஆனாலும் ஒண்ணைக்கூட விட்டுட மனசு வரல மாப்ள.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நாம் பேசியது, சாப்பிட்டீங்களா மாமா, இருங்க அத்தைகிட்ட குடுக்கறேன், இவ்வளவுதானே. இப்போது கொடுக்க ஆள் இல்லை. மகளுக்கு வேலை ஓய்வதில்லை, குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று வாரமாகச் சாயங்காலம் ஏழானால் உங்கள் போன் அடிக்கிறது. அஞ்சு நிமிஷம் முன்னாடியே சட்டையப் போட்டுட்டு உக்காந்துடறேன். போனுக்கு எதுக்கு சட்டைன்னு கேக்காதீங்க. மற்றபடி இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது.

இருவரும் நோய்நொடியில்லாமல், கோபதாபமில்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: ரிப்பேர்க்காரர் டிஸ்க் ஒயரைக் கம்ப்யூட்டரின் முன்பக்கத்திலிருந்து பிடுங்கி, வேகமாக ஏறும் என்று பின்பக்கம் சொருகினார். இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இது நடந்து இரண்டு வாரமாகிறது. அதிலிருந்து தினமும் ஆறரைக்கு டிஸ்கைக் காலி செய்து, முன்பக்கமே சொருகி, முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். தப்புதான். இன்று முழுசாக ஏற்றி, இந்தக் கடிதத்தோடு டிஸ்கையும் பார்சலில் வைத்துவிட்டேன். வந்து சேர்ந்த பிறகும் ஏழு மணிக்குப் போன் செய்யுங்கள். பேச ஒன்றும் தோன்றாவிட்டால், எத்தனை பர்சன்ட் ஆச்சு மாமா என்றே கேளுங்கள். நான் ஏதாவது சொல்கிறேன்.