நாற்பது குறையுது மச்சான்

20.9.2002, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் மணி 5.35.
கழித்தல் கணக்கு 20. சரி 8. தப்பு 12.
லப்பைக்குடிக்காடு.

சவுதி தம்மாமில் கடையில் இருக்கும் மச்சான் ஹபிபுல்லா அவர்களுக்கு, மைத்துனன் ஜாவித் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் நலம், கணக்கைத் தவிர. தங்கள் உடல்நலத்துக்கு எந்நேரமும் துஆ செய்கிறோம். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

மேலே இருப்பது உங்கள் மகள் இஃப்பத் போன செவ்வாய்க்கிழமை மூணாம் வகுப்பில் எழுதிய பரீட்சை. ஆகஸ்டில் இதே மாதிரி பரீட்சையில் இருபதுக்குப் பன்னிரண்டு சரியாகப் போட்டிருந்தது. அப்போது வீட்டில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காலாண்டுல கணக்குல தேறலன்னா திருச்சியில ஹாஸ்டல்ல சேத்துடுவோம்னு நீங்க போனில் சொன்னதும் அக்கா பயந்துபோய், விசாவுக்குக் காத்துக்கிட்டு சும்மாதானே இருக்கேன்னு என்னை உட்கார வைத்தது. டிப்ளமோ மெக்கானிக்கல், முதல் வகுப்பு. ஒரு மாதம் உழைத்தேன். பன்னிரண்டு எட்டாகிவிட்டது. விண்ணரசி டீச்சர் அக்காவைக் கூப்பிட்டு, வூட்ல யாரும்மா சொல்லிக் குடுக்குறது, அவங்கள முதல்ல நிறுத்தச் சொல்லுங்கன்னு சொல்லிட்டாங்க.

எப்படி ஆச்சுன்னு ஒளிக்காம எழுதுறேன். முதலில் தீக்குச்சி. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, பத்துக் கட்டைச் சேர்த்து நூறுன்னு ஒரு பெரிய கட்டு. கேஸ் லைட்டர் ரிப்பேர்ங்கறதால அக்கா அந்த நூறிலிருந்து உருவி அடுப்புப் பத்த வச்சுக்கிட்டே இருந்திருக்கு. நான் நூறுல நாற்பது போனா எத்தனைன்னு கேக்குறேன், புள்ள எண்ணிப் பாத்துட்டு நாற்பத்தேழுங்குது, நான் கத்துறேன், அது திரும்ப எண்ணுது, அப்புறம் நான் எண்ணினா நூறு எண்பத்தேழா இருக்கு. புள்ளதான் சரி. அடுத்து வாய்ப்பாட்டைப் பெரிசா எழுதி பாத்ரூம் கதவுல ஒட்டினேன், பதினாறாம் வாய்ப்பாடு முடியாம வெளிய வரக்கூடாதுன்னு ரூல் போட்டேன், அது பத்து நிமிஷம் உள்ளேயே உக்காந்து சொல்ல, வெளிய நான் பக்கெட்டோட நிக்க வேண்டியதாப் போச்சு. மூணாவதுதான் பெரிய கூத்து. அவ தப்பாப் போட்டதையெல்லாம் வரிசையா வச்சுப் பாத்தேன். 725-ல 250 போனா 475. இவ 435. 612-ல 345 போனா 267. இவ 227. எல்லாத்துலயும் சொல்லி வச்ச மாதிரி நாற்பது குறையுது. ஒர்க்‌ஷாப்பில் அளவுகோல் கோளாறா இருந்தா இப்படித்தான் எப்பவும் ஒரே அளவு வித்தியாசம் காட்டும். நாங்க அளவுகோலைத் தூக்கிப் போட மாட்டோம், வித்தியாசத்தைக் கூட்டிக்குவோம். அதே மாதிரி, விடை வந்ததும் நாற்பது கூட்டிக்க புள்ளன்னு சொல்லிட்டேன். தப்பா வர்றதுக்கு மட்டும் கூட்டுன்னு சொல்லல. எது தப்புன்னு தெரிஞ்சா அது ஏன் தப்பாப் போடுது? சொல் பேச்சு தட்டாத புள்ள, இருபதுக்கும் கூட்டிடுச்சு. சரியா இருந்த பன்னிரண்டும் போச்சு, தப்பா இருந்த எட்டும் சரியாச்சு. உங்க மகள் மேல ஒரு குத்தமும் இல்ல.

இன்னிக்கு நடந்ததுதான் முக்கியம். வெள்ளிக்கிழமை நீங்க போன் பண்ற நேரம்னு பலகையைத் தூக்கிட்டு வந்து போன் பக்கத்துல உக்காந்துச்சு. உங்க போன் வரல. லைன் கிடைக்கலன்னு நினைக்கிறேன். நான் இந்தச் சும்மா இருக்குற நேரத்துல ஒரு கணக்காவது போடுன்னு அதட்டினேன். அது காதுல வாங்காம, "அத்தாக்கு இப்ப ஒன்னு நாற்பது. ஜும்ஆ முடிஞ்சு சோறு சாப்ட்டிருப்பாங்க"ன்னுச்சு. சுவர்க் கடிகாரத்தைப் பாத்தேன், நாலு பத்து. ரெண்டரை மணி நேரம் கழிச்சா ஒன்னு நாற்பது, கரெக்ட். எனக்கே விரல் விட்டாத்தான் வரும். எப்படிப் புள்ள போட்டேன்னேன். பலகையில 410, அதுக்குக் கீழ 230, கோடு, 140.

மச்சான், 410-ல 230 போனா 180. அதே நாற்பது.

"பக்கத்துல எவ்ளோ கடன் வாங்குன?"

"அறுபது மாமா."

"நூறுதான வாங்கணும்?"

"அத்தா அறுபதுன்னுதான சொல்லிக் குடுத்தாங்க."

போன லீவுல நீங்க கிளம்புறதுக்கு முன்னாடி, அத்தா அங்க என்ன செய்றேன்னு தெரியணும்னா கடிகாரத்துல ரெண்டரை கழிச்சுக்க, நிமிஷம் பத்தலன்னா ஒரு மணியை உடைச்சா அறுபது கிடைக்கும்னு சொல்லிட்டுப் போனீங்களாம். ஆறு வயசுல. அதுலேர்ந்து தினம் கழிச்சுக்கிட்டே இருக்கு. காலையில பல் விளக்கும்போது நீங்க தூங்குறீங்க, பள்ளிக்கூடம் விடும்போது ளுஹர் தொழுதுட்டு வர்றீங்க, எல்லாம் அதுக்குத் தெரியும். உலகத்துல கழித்தல்னா அது ஒன்னுதான்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. நீங்க சொல்லிக் குடுத்த கணக்குக்குத்தான் நீங்களே ஹாஸ்டல்ல போடப் பாக்குறீங்க.

நான் பொறுமை இல்லாதவன், உங்களுக்கே தெரியும். இனிமே நூறுதான் வாங்கணும்னு அறுபதை அழிச்சேன். புள்ள 180-ன்னு எழுதிச்சு. அப்புறம் அழுவுது. என்னன்னு கேட்டா, "ஒரு மணி எண்பது நிமிஷம்னு டைமே இல்லையே மாமா. அப்ப அத்தா எங்க இருப்பாங்க?"ன்னு கேட்டுச்சு.

அறுபதைத் திரும்ப நானே எழுதினேன். இது அத்தா கணக்கு, இதை யாரும் அழிக்க மாட்டாங்க, பள்ளிக்கூடக் கணக்குக்கு மட்டும் நூறுன்னேன். மூக்கைத் துடைச்சுக்கிட்டு அஞ்சு கணக்குப் போட்டுச்சு. அஞ்சும் சரி. நடுவுல ஒரே ஒரு கேள்வி, ஹாஸ்டல்ல அத்தா போன் எந்தக் கணக்குல வரும், அறுபதா நூறான்னு. நான் பென்சில் சீவப் போயிட்டேன்.

அக்காவும் இஃப்பத்தும் சலாம் சொல்லச் சொன்னார்கள். தங்கள் வேலையிலும் உடம்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. இனி நான் செய்யப் போவது:

1. விண்ணரசி டீச்சரை நாளைக்கே பார்த்து, கோளாறு புள்ளகிட்ட இல்லன்னு சொல்வேன். திட்டினா வாங்கிக்குவேன்.

2. புதன்கிழமை கணக்குப் பரீட்சை. மார்க் எதுவாக இருந்தாலும் திருச்சிக்கு விண்ணப்பம் வாங்க நான் போக மாட்டேன். நீங்க வேற ஆளைப் பாருங்க.

3. விசா வந்தாலும் ஏப்ரல் வரை ஏற மாட்டேன். முழுப் பரீட்சை முடியட்டும்.

4. அக்டோபர் 4 வெள்ளிக்கிழமை, புள்ளயை ஐ.எஸ்.டி. பூத்துக்குக் கூட்டிட்டுப் போய் நானே போன் போடுவேன். நம்ம மணி 6.40, உங்களுக்கு ராத்திரி 9.10. கடையில யாரையாவது விட்டுட்டுப் போன் பக்கத்துல இருங்க. ஹாஸ்டல் இல்லங்கறதை உங்க வாயால சொல்லுங்க.

இப்படிக்கு,
ஜாவித்

பி.கு.: ஒட்டுறதுக்கு முன்னாடி இஃப்பத் எட்டிப் பாத்து நாலாவதைப் படிச்சிடுச்சு. 9.10 இல்லையாம், 4.10-ஆம். நான் கழிக்கிறதுக்குப் பதில் கூட்டிட்டேனாம். கடனே வாங்க வேண்டாத கணக்காம் இது. கணக்கு வரலன்னா மாமாவையும் ஹாஸ்டல்ல சேத்துடுவாங்களான்னு அக்காகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கு.