ஆள் வந்தால் மூடும் கதவு

கதவு திறந்தே கிடந்தது. புரோகிராமர் இரண்டடி முன்னால் எடுத்து வைத்தார். படாரென்று மூடிக்கொண்டது. மூக்கைத் தடவிக்கொண்டே பின்வாங்கினார். வாங்க, வாங்க என்பது போல மறுபடி திறந்தது.

"பதினொரு மணிக்கு வாங்குறவங்க வர்றாங்க," என்றார் முதலாளி. "பன்னெண்டு கதவுக்கு ஆர்டர். இது ஒழுங்கா ஓடினா உங்க வேலை இன்னிக்கே நிரந்தரம். இன்னொரு விஷயம், அவங்க யாருன்னா..." அதற்குள் போன் அடித்தது. பேசிக்கொண்டே தன் அறைக்குள் போய்விட்டார்.

புரோகிராமர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்துவிட்டு, மனைவியின் தம்பி சிபாரிசில் இங்கே சேர்ந்து பத்தே நாள். அந்தத் தம்பிதான் இந்தப் பட்டறையின் எலெக்ட்ரீஷியன். வேலை போனால் இரண்டு பேருக்குமே வீட்டில் முகம் காட்ட முடியாது.

"எனக்கு முன்னாடி இருந்த ஆளு தலைகீழா எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு, மச்சான்."

"அவர் ஒரு மாதிரி, மாமா. யார்கிட்டயும் பேசமாட்டாரு." எலெக்ட்ரீஷியன் ஆர்டர் காகிதத்தைப் புரட்டினார். "இருநூறு கிலோ வந்து மோதினாலும் தாங்கணுமாம். எந்த ஆபீஸ்ல மாமா இப்படி மோதுவாங்க?"

"சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புற நேரமா இருக்கும்."

புரோகிராமர் கணினியில் 'ஆள் இருக்கிறதா' என்ற வரியைத் தேடிப் பிடித்து, அதன் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டார். அந்தக் குறிக்கு வேறு வேலையே தெரியாது. எதிரே நிற்கும் ஒன்றே ஒன்றைப் பிடித்துக் கவிழ்த்துவிடும். உண்டு என்பது இல்லை ஆகும், இல்லை என்பது உண்டு ஆகும். இரண்டு குறி போட்டால் கவிழ்ந்தது நிமிர்ந்துவிடும்.

பெருமையாகக் கதவை நோக்கி நடந்தார். மூடிக்கொண்டது.

ஒன்று பற்றவில்லை போலிருக்கிறது என்று இன்னொன்று போட்டார். மூடிக்கொண்டது. மூன்றாவதும் போட்டார். அப்போதும் மூடிக்கொண்டது. இந்த முறை அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்த மோட்டார் பெட்டியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"என்ன மாமா இது, மூணு தடவை ஒயரை மாத்திக் குடுத்துட்டேன், சரியாகமாட்டேங்குதே?"

"எந்த ஒயரை?"

"மோட்டாரைத் தலைகீழா ஓட வைக்கிற ஒயரைத்தான். நீங்க என்ன பண்றீங்க?"

புரோகிராமர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இவர் கவிழ்க்க, அவர் நிமிர்த்த, ஒரு மணி நேரமாக இருவரும் அடுத்தவர் வேலையை மும்முரமாக அழித்திருக்கிறார்கள்.

"யாராவது ஒருத்தர் மாத்தினா போதும். நீயே மாத்திடு."

"நீங்க இருக்கும்போது நானா? நீங்களே மாத்துங்க மாமா."

இப்படி மரியாதை கொடுத்ததில் இருவருமே மாற்றவில்லை. கதவு மூடிக்கொண்டது. அடுத்தவருக்கு வருத்தமாக இருக்குமோ என்று அடுத்த முறை இருவருமே மாற்றினார்கள். அதே கதை. மணி பத்து ஐம்பத்தைந்து.

"மச்சான், ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு அந்த மூலையில போய் நில்லு. உங்க அக்கா மேல சத்தியம்."

ஐந்தாவது ஆச்சரியக்குறியைப் போட்டுவிட்டு, முகத்தைக் கையால் மறைத்தபடி நடந்தார். கதவு வழவழவென்று திறந்தது. அவர் விலகியதும் மூடியது. இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். எட்டு மாதத்தில் அவர் இப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வாசலில் வேன் வந்து நின்றது. கோப்பும் கையுமாக ஓர் அம்மாள் இறங்கினார். பின்னாலேயே ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெரியவர், வாளியோடு வந்தார். முதலாளி இன்னும் போனில்தான் இருந்தார்.

"வாங்க, நீங்களே நடந்து பாருங்க," என்றார் புரோகிராமர், வாயெல்லாம் பல்லாக.

பெரியவர் நடந்தார். கதவு அவருக்காக அழகாகத் திறந்தது. அவர் வாளியைப் போட்டுவிட்டு நான்கடி பின்னால் பாய்ந்தார். வாளிக்குள் இருந்த எலும்பும் இறைச்சியும் தரையெல்லாம் சிதறின.

"போன மாசம் நான் வந்து பாத்தப்ப, சிங்கம் கிட்ட வந்தா மூடிக்கிற மாதிரி ஜோரா இருந்துச்சே," என்றார் அவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. "இதை யாருங்க கெடுத்தது?"