மான் வராத படம்

ஒரு காட்டில், மற்ற வசதிகள் வருவதற்கு முன்பே கல்லூரி வந்துவிட்டது. அங்கே ஒரு தேவாங்கு வீடியோ எடிட்டிங் படித்துவந்தது. பாடம் எடுத்தவர் உடும்பு மேடம்.

செய்முறைத் தேர்வுக்காக, ஒரு மான் ஆற்றைக் கடக்கும் காட்சிகளை மாணவர்கள் எல்லோருக்கும் கொடுத்து, வெட்டி ஒட்டிக் கதையாக்கி வரச் சொன்னார்கள். தேவாங்கு உயிரைக் கொடுத்து உழைத்தது. தண்ணீரில் கால் வைக்கும் முன் மான் ஒருமுறை திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையை எந்த இடத்தில் வெட்டுவது என்ற யோசனையில் அதற்குச் சாப்பாடுகூட இறங்கவில்லை. கடைசியில் இடம் பிடிபட்டது. அதை யாராவது ஒருவர் பார்த்து 'ம்' என்றால் போதும், மதிப்பெண்கூட அப்புறம்தான் என்று நினைத்தது.

தேர்வன்று அவசரத்தில் எடிட்டிங் கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டது. காட்சிகள் விடுதிக் கணினியிலேயே தங்கிவிட்டன. காட்சிகள் இல்லாமல் அந்தக் கோப்பைத் திறந்தால், திரை முழுக்கச் சிவப்பு நிறமும் 'கோப்பைக் காணவில்லை' என்ற எழுத்தும்தான் வரும். வந்தன.

பக்கத்துக் காட்டிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் எருமை, அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. "அடேயப்பா, மான் வரவே இல்லையே!" என்று வியந்தது.

"சார், படம் வரலை" என்றது தேவாங்கு.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். வரலைங்கிறதுதான் படம். மானைக் காணோம். ஆறு ரத்தமா ஓடுது. இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

உடும்பு மேடத்துக்கு விஷயம் தெரியும். அதைச் சொன்னால், பருவம் முழுக்க என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்ற கேள்வி தன் பக்கம் திரும்பும் என்பதும் தெரியும். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூற்றுக்கு நூறு.

அடுத்து வந்த கீரியின் படத்தில் மான் தெளிவாகத் தெரிந்தது. அதற்காகவே மதிப்பெண்ணைக் குறைத்தார்கள்.

தேவாங்குக்குத்தான் மனசு கேட்கவில்லை. இவ்வளவு பாராட்டிலும் அந்தத் திரும்பிப் பார்க்கும் இடத்தை ஒருவரும் பார்க்கவில்லையே. மேடம் கண்ஜாடை காட்டியும் கேளாமல், ஒரு தேவாங்கால் முடிந்த வேகத்தில் விடுதிக்கு ஓடிக் காட்சிகளை எடுத்துவந்து, படத்தை ஓட்டிக் காட்டியது. மான் திரும்பிப் பார்த்தது. ஆற்றில் இறங்கியது. அக்கரை ஏறியது.

எருமை பெருமூச்சு விட்டது. "முதல்ல பயம் இருந்துச்சு. இப்போ வெறும் மான்தான் இருக்கு."

ஒரே நாளில் மாணவியின் கற்றல் பின்னோக்கிப் போய்விட்டதாகக் குறிப்பெழுதி, தேர்ச்சிக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். வெளியே வந்ததும் மேடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நூறு வந்ததுக்கப்புறம் உன்னைப் படம் காட்டச் சொல்லி யாருடி கேட்டா?"

அரியர் தேர்வுக்கும் அதே எருமைதான் வந்தது. தேவாங்கு இந்த முறை பென் டிரைவையே எடுத்துப் போகவில்லை. அணைந்து கிடந்த திரைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. எருமை வெகுநேரம் திரையைப் பார்த்தது. பிறகு எழுந்து நின்று வணங்கியது. நல்ல முன்னேற்றம் என்று சொல்லி முதல் வகுப்பில் தேறவைத்தது. 

நீதி: கற்றதைக் கையோடு எடுத்துப் போகாதே; மதிப்பிடுகிறவருக்கு இடைஞ்சலாக இருக்கும்.