அம்மனைக் குனியச் சொன்ன கண்ணாடி நூல்காரர்

ஒயரிடம்கூட மரியாதை குறையாமல் பேசின மனுசன் இந்தத் திருப்பூர் சீமையிலேயே ஒருத்தர்தான். "கொஞ்சம் வளைஞ்சுக்குங்க சாமி" என்று கேட்டுவிட்டுத்தான் அதை வளைப்பார்.

நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில், எங்கள் வீதிக்கு அடுத்துள்ள காலேஜை வெளிநாட்டுக் காலேஜ்களோடு சேர்க்க வந்தவர் அவர். "சினிமா பாக்கற நெட்டு இல்லீங்க. நம்மூரு, கொழும்பு, டாக்கா, காத்மாண்டு எல்லாத்தையும் ஒரே சரமாக் கோக்கறோம். படிப்பும் ஆராய்ச்சியும் மட்டுந்தான் இதுல போகும்" என்பார். ஒயருக்குள்ளே முடி மாதிரி கண்ணாடி இழை. நிட்டிங் மெஷின் ஓட்டும் எங்கள் வீட்டுக்காரர் அதை விரலில் உருட்டிப் பார்த்து, "இது எத்தனாம் நம்பர் நூலுங்க?" என்றார். அன்றிலிருந்து அவர் கண்ணாடி நூல்காரர்.

ஒருநாள் அவர் கட்டின ஒயரில் தெரியாமல் துணி காயப்போட்டுவிட்டேன். பதறிக்கொண்டு வந்தார். "ஏனுங்க அம்மிணி, கொழும்பு வாத்தியார் தலைமேல ஈரப் பாவாடையப் போட்டுட்டீங்களே!"

மாரியம்மன் சப்பரம் வந்த காலையில்தான் பெரிய கூத்து. அந்த நேரம் என் மகள் கவிதா காலேஜில் உட்கார்ந்து, அவர் கட்டின ஒயர் வழியாக, சாயத்தண்ணியைச் சுத்தம் செய்யும் தன் ஆராய்ச்சியைப் பல நாட்டு வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிடித்துப்போனால் கொழும்பில் மேல்படிப்பு. பாதியில் அறுந்தால் அந்த இடம் வேறு பிள்ளைக்கு.

முந்தின நாள் சாக்கடை தோண்டின பொக்லைன் மண்ணுக்குள் இருந்த ஒயரை அறுத்துவிட, இவர் அவசரமாக வீதிக்குக் குறுக்கே ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார். கோயிலுக்குப் போய்ச் சப்பரத்தின் உயரத்தைக்கூட அளந்தார், பாவம். பூ அலங்காரம் ஏறுவதற்கு முன்னால் அளந்துவிட்டார்!

எங்கள் வீதியில் ஒயர் தட்டினால் கவைக்கம்பால் தூக்கிவிடுவார்கள். கம்போடு ஆள் வந்ததும் இவர் ஏணிமேல் ஏறி ஒயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "தூக்காதீங்க, உள்ள கண்ணாடி முறிஞ்சுரும்!"

"அறுத்து உடுய்யா! ஆத்தா நிக்கறா!" என்று கத்தினார் பூசாரி.

"உள்ள நம்ம கவிதா பேசிட்டிருக்குதுங்க!"

மேளம் நின்றது. இவரோ ஏணியிலிருந்தே கும்பிட்டார்: "தாயே, ஒரே ஒரு முழம் குனிஞ்சுக்குங்க. உங்க புள்ளதானுங்க பேசுது."

"ஆத்தாளையே குனியச் சொல்றியா?" பூசாரிக்குச் சாமி வந்துவிடும்போல இருந்தது.

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. "பெத்தவ புள்ளைக்காகக் குனியமாட்டாளா பூசாரி?" என்று கேட்டுவிட்டேன்.

சப்பரம் தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மெல்லத் தோளிலிருந்து கைக்கு இறக்கினார்கள். அம்மன் குனிந்தாள். ஒரு செவ்வந்திச் சரம் ஒயரை உரசிக்கொண்டு போனது.

"ரொம்ப நன்றிங்க தாயே" என்றார் ஏணிமேல் இருந்தவர். அழுதுகொண்டிருந்தார்.

கவிதா இப்போது கொழும்பில் படிக்கிறாள். அவர் வேறு எந்த ஊரைச் சரத்தில் கோக்கப் போனாரோ தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அர்ச்சனையில் என் குடும்பத்தார் பேரெல்லாம் சொல்லி முடித்ததும் "கண்ணாடி நூல்காரர்" என்பேன். பூசாரி நட்சத்திரம் கேட்பதில்லை. "அவனை அவளுக்கு நல்லாத் தெரியும் போ" என்று சொல்லி, ஒரு பூ கூடுதலாகவே போடுகிறார்.